சிலேனா மருதமடு: ஒரு பெண்பெயரின் தடம்

பேசாலை, வங்காலை, தலைமன்னார் என மன்னார்க் கரையோரக் கத்தோலிக்க ஊர்கள் எதிலும் பெண்களின் பெயர்களைக் கேட்டாலே திருச்சபையின் வரலாறு பாதி விளங்கிவிடும். அன்னம்மா, திரேசம்மா, சவேரியம்மா என ஒவ்வொருத்தியும் ஒரு புனிதரைச் சுமக்கிறாள். அந்தப் பெயர்களுள் எலேனா மட்டும் ஆளைக் கடந்து மண்ணுக்கே பெயராயிற்று. மாதா திருத்தலமான மடுவின் பழம்பெயர் சிலேனா மருதமடு.

1658இல் மன்னார்க் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்க வழிபாடு தடைபட்டது. மாந்தையில் இருந்த மாதா சுருவத்தைக் காப்பாற்ற, 1670 அளவில் இருபது குடும்பங்கள் அதைத் தூக்கிக்கொண்டு காட்டுவழி நடந்து மருதமடுவில் தங்கின என்பது மடுவின் மரபு. போர்த்துக்கேயக் கப்பித்தான் ஒருவரின் மகளான எலேனா பக்தியில் ஊறியவள் என்றும், அங்கே முதல் கோயில் எழக் காரணமானவள் அவளே என்றும் அதே மரபு சொல்கிறது. சாந்தா எலேனா என்று மக்கள் அழைத்தது நாவில் தேய்ந்து சிலேனாவானதாம். இந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதே. போர்த்துக்கேய மொழியில் ஹகரம் ஒலிப்பதில்லை; ஹெலெனா எலேனாவாகிவிடும். புனிதரைக் குறிக்கும் முன்னொட்டு பெயரோடு ஒட்டிக்கொள்வதும் நமக்குப் புதிதல்ல. மன்னாரில் வீதிக்கு ஒருவர் இருக்கும் சந்தியாகுவும் அப்படிப் பிறந்த பெயர்தான்.

பெயரின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. தீப்பந்தம், சுடர் என்று பொருள் சொல்வோர் பலர். நிலவோடு இணைப்போரும் உண்டு. அதைக் கிறிஸ்தவ உலகெங்கும் கொண்டுபோனவர், நான்காம் நூற்றாண்டில் எருசலேமுக்கு யாத்திரை போன, கான்ஸ்டன்டைன் பேரரசரின் தாய் ஹெலெனா. இயேசுவின் சிலுவையை அவரே கண்டெடுத்தார் என்பது திருச்சபையின் நம்பிக்கை. தாயின் நினைவாக ட்ரெபனம் என்ற ஊரை மகன் ஹெலனோபொலிஸ் ஆக்கினார். நெப்போலியன் இறந்த தீவும் போர்த்துக்கேயக் கடலோடிகளால் இவர் பெயர் பெற்றதுதான். இந்தப் பெயருக்கு இடங்களில் தங்கும் வழக்கம் பழையது.

இதே பெயர் போலந்திலும் வேரூன்றியது. அங்கே ஹெலெனா இன்றும் பாட்டிமாரின் பெயர், பேத்திமாரின் பெயர். வீட்டில் ஹேலா, ஹெலெங்கா என்று கூப்பிடுவார்கள். மொஸ்கோ இளவரசி ஹெலெனா 1495இல் லித்துவேனியக் கோமகன் அலெக்சாந்தரை மணந்தார். 1501இல் கணவர் போலந்து அரசரானபோதும் இவருக்கு முடிசூட்டவில்லை. தன் கிழக்குத் திருச்சபை விசுவாசத்தை விட மறுத்ததே காரணம். விசுவாசத்துக்காக மாந்தையை விட்டு நடந்தவர்களின் வழிவந்தோருக்கு அந்தப் பிடிவாதம் புரியும்.

இன்னொரு ஹெலெனா நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறார். 1905இல் குவோகோவியெட்ஸ் என்ற சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஹெலெனா கோவால்ஸ்கா, கன்னியர் மடத்தில் மரியா ஃபவுஸ்தினா ஆனார். நெஞ்சிலிருந்து செந்நிறமும் வெண்ணிறமுமாகக் கதிர் பாயும் இறை இரக்க ஆண்டவர் படம் அவருடைய காட்சிகளிலிருந்து வந்தது. 1938இல், 33 வயதில் மறைந்தார். 2000இல் அவரைப் புனிதராக அறிவித்தவர் போலந்து மண்ணின் மைந்தரான இரண்டாம் யோவான் பவுல். மாலை மூன்று மணிக்கு இரக்கத்தின் செபமாலை சொல்லும் நம் பெண்களுக்கு ஃபவுஸ்தினாவைத் தெரியும். ஹெலெனா என்ற ஞானஸ்நானப் பெயர் துறவுப் பெயருக்குள் போய்விட்டது. மடுவில் நடந்தது நேர்மாறு: பெயர் ஊரில் ஒட்டிக்கொண்டது, அதற்குரியவள் மறைந்துபோனாள்.

மடுவின் வரலாறு எழுதப்படும்போது 1872இல் இன்றைய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டிய பொஞ்ஞான் ஆண்டகையும், 1924இல் மாதாவுக்கு முடிசூட்டிய விழாவும் தவறாமல் இடம்பெறுகின்றன. இடம்பெற வேண்டியவையே. ஆனால் ஆவணித் திருவிழாவுக்கு வந்து, பாம்புக்கடிக்கு மருந்தென்று மடு மண்ணை முடிந்துகொண்டு போகும் எத்தனை பேருக்கு எலேனாவைத் தெரியும்? ஒல்லாந்தர் காலத்தில் ஒளிந்து வாழ்ந்த சபைக்கு ஏடுகள் குறைவு. வாய்மொழிதான் அதன் பதிவேடு. மாந்தையிலிருந்து மடுவரை உள்ள ஊர்களில் கிழவிகள் சொல்லும் எலேனா கதைகளை ஊர் ஊராக, சொல்பவர் மொழியிலேயே பதிய வேண்டும். மன்னார் மறைமாவட்டமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையும் சேர்ந்து கையிலெடுக்கத் தக்க வேலை இது.