கலகம்: திருவரங்கத்தில் ஒரு சொல்லின் பொருள்கள்

கூட்டம் கட்டுமீறுவதையும் கூட்டம் களிப்பில் திளைப்பதையும் தமிழ் பெரும்பாலும் வெவ்வேறு சொற்களில் வைத்திருக்கிறது. கலவரம், அமளி, ரகளை ஒரு பக்கம். களியாட்டம், கும்மாளம், கேளிக்கை மறுபக்கம். ஆனால் பழைய வழக்கில் இந்த எல்லை இவ்வளவு கறாராக இருக்கவில்லை. தொல்காப்பிய உரியியல் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் ஆகிய நான்கையும் ஓசையைக் குறிப்பவையாக ஒரே இடத்தில் சொல்கிறது. திருவிழா இரைச்சலா, போர் இரைச்சலா என்று அது பிரிக்கவில்லை. இவற்றில் ‘கலி’ ஆரவாரத்துக்கும் செருக்குக்கும் துன்பத்துக்கும் பொதுவாகப் பயின்றது. துள்ளலோசை உடைய பாவுக்கும் அதே பெயர். ‘களி’ மகிழ்ச்சியையும் மதுமயக்கத்தையும் ஒருங்கே குறிக்கும். கள்ளுண்ணாமை அதிகாரத்தில் களித்தவன் என்றால் குடித்தவன்தான். ‘அமளி’க்குப் படுக்கை என்ற பொருளும் உண்டு, ஆனால் இன்று அந்தச் சொல்லைப் பெரும்பாலும் சட்டமன்றச் செய்திகளில், கூச்சல் என்ற பொருளில்தான் பார்க்கிறோம்.

இவற்றுள் அதிக தூரம் பயணம் செய்த சொல் கலகம். இதை வடமொழியின் கலஹத்தோடு அகராதிகள் சேர்க்கும். தமிழில் கலங்கு, கலக்கு, கலாம், கலவரம் ஆகியவை ஒலியாலும் பொருளாலும் அதற்கு அண்டை வீட்டுக்காரர்கள். இந்தச் சொல்லின் முழு வீச்சையும் ஒரே ஊரில் காண வேண்டுமானால் அது திருவரங்கம் என்னும் ஸ்ரீரங்கம்தான்.

முதலாவது கலகம் இரத்தத்தால் ஆனது. 1323ல் தில்லி சுல்தானின் படை உலூக் கான் தலைமையில் தெற்கே வந்தபோது திருவரங்கம் சூறையாடப்பட்டது. பன்னீராயிரவர் தலை கொடுத்த பன்றியாழ்வான் மேட்டுக் கலகம் என்று கோயில் மரபு அதை நினைவில் வைத்திருக்கிறது. பன்னீராயிரம் என்ற எண்ணை அப்படியே கணக்காகக் கொள்ள வேண்டியதில்லை. இழப்பு எத்தனை பெரிதென்று ஊர் உணர்ந்ததன் அளவு அது. வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் உற்சவரான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே போனார். மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் காலமானார். உற்சவர் திரும்பி வந்தது 1371ல், விஜயநகர அதிகாரி கோபண்ணர் முயற்சியால். அரை நூற்றாண்டுக்கு நெருக்கமான இந்த அலைச்சல் முழுவதும் ‘கலகம்’, ‘கலாபம்’ என்ற சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது. படையெடுப்பு என்று சொன்னால் படையை அனுப்பியவன் கண்முன் வருகிறான். கலகம் என்னும்போது நிலைகுலைந்த ஊர் வருகிறது. மக்கள் தம் துயரத்தின் பக்கம் நின்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது கலகம் ஆண்டுதோறும் பங்குனியில் நடக்கிறது. அதன் பெயர் பிரணய கலகம், ஊர்வழக்கில் மட்டையடி. பங்குனித் திருவிழாவின் ஆறாம் நாள் நம்பெருமாள் உறையூர் சென்று கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி காண்கிறார். பங்குனி உத்திரத்தன்று ரங்கநாயகித் தாயார் சன்னதிக்கு வந்தால் கதவு சாத்தப்படுகிறது. பெருமாள் பல்லக்கு முன்னே வருவதும் பின்னே போவதுமாக இருக்க, தாயார் தரப்பிலிருந்து பூப்பந்தும் வெண்ணெயும் வந்து விழுகின்றன. வாழைமட்டை அடியும் விழுகிறது. எங்கே போனீர், ஏன் இந்தக் கோலம் என்ற கேள்விகளும் அவர் சொல்லும் சமாதானங்களும் இரு தரப்பாக வாசிக்கப்படுகின்றன. கடைசியில் நம்மாழ்வார் நடுவராக வந்து இணக்கம் செய்கிறார். கதவு திறந்து சேர்த்தி நடக்கிறது. இங்கே கலகம் என்பது அகத்திணையின் ஊடல். அடியும் உண்டு, ஆரவாரமும் உண்டு, பகை மட்டும் இல்லை. கூடியிருப்போரின் சிரிப்பும் கூச்சலும் சடங்குக்கு வெளியே நிற்பவை அல்ல.

மார்கழியில் இராப்பத்தின் எட்டாம் நாள் வேடுபறியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. திருமங்கை மன்னன் பெருமாளை வழிப்பறி செய்த கதையை மணல்வெளியில் நடித்துக் காட்டுவார்கள். நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் அங்குமிங்கும் விரைவார். கொள்ளை என்ற குற்றம் கோயிலுக்குள் வந்து விழாவாகிவிடுகிறது.

மூன்றாவது கலகம் அரசியல். 1801 ஜூன் 16ல் மருது பாண்டியர் வெளியிட்ட ஜம்புத்தீவுப் பிரகடனம் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. ஐரோப்பியரை எதிர்த்து எல்லாச் சாதியினரும் திரள வேண்டும் என்று அது அழைத்தது. கும்பினி ஆவணங்களுக்கு அது பாளையக்காரர் கலகம். 1806ல் வேலூரில் நடந்ததும் வெகுகாலம் பாடப்புத்தகங்களில் சிப்பாய்க் கலகமாகவே இருந்தது. விடுதலைக்குப் பின் ‘புரட்சி’, ‘கிளர்ச்சி’ என்ற பெயர்கள் வந்தன. ஆள்பவர் வாயில் கலகம் என்பது குற்றச்சாட்டு; எதிர்த்தவர் வழிவந்தோர் அதை மறுத்ததில் நியாயம் உண்டு. சுயமரியாதை இயக்கமும் சிறுபத்திரிகைகளும் வேறு வழியில் போயின. கலகக்காரர் என்ற வசையையே பாராட்டாக்கின.

சட்டத்துக்கு இந்த நெளிவுகள் ஆகாது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பொது நோக்கத்தோடு கூடிய சட்டவிரோதக் கூட்டம், அந்த நோக்கத்துக்காக வன்முறையில் இறங்கினால் கலகம். 1860ன் இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 146ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 191. செய்தித்தாள்கள் இதே பொருளுக்குக் கலவரம் என்றே எழுதுகின்றன. கலகம் அங்கே ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. வன்முறையும் விளையாட்டும் ஒட்டியிருக்கும் இடத்தை இன்று பேச்சுத்தமிழில் நிரப்புவது கலாட்டா. கல்லெறியும் கலாட்டாதான், கல்யாண வீட்டுக் கேலியும் கலாட்டாதான். கன்னடமும் தெலுங்கும் தமிழோடு பகிர்ந்துகொள்ளும் சொல் அது.

பொது அகராதிகள் கலகத்துக்குச் சண்டை, குழப்பம், கிளர்ச்சி என்று பொருள் தருகின்றன. மட்டையடி போன்ற கோயில் வழக்குகளையும் இடப்பெயரோடு பதிந்தால்தான் அந்தப் பதிவு முழுமையாகும். அகராதித் தொகுப்பாளர்கள் இதைச் செய்ய வேண்டும்.