கூண்டும் கூம்பும் கூடும்

கடற்கரை ஊர்களில் பிறந்து வளர்ந்தோர்க்கு ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால் செவியில் ஒலிக்கும் வினா ஒன்றுண்டு. “எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்கு?” என்பதே அது. எம் இளமையில், மஃரிபு தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும் பெரியவர்கள், வானொலிச் செய்தி கேட்டு வந்தவரைச் சூழ்ந்துகொண்டு முதலில் கேட்பது இதுவாகவே இருக்கும். புயலின் பெயரைக் கேட்கமாட்டார்கள். அக்காலத்தில் நம் கடற்புயல்களுக்குப் பெயரும் இல்லை. எண் ஒன்றே போதும். அதைக் கேட்டதும் சிலர் வீட்டுக்குப் போவர். சிலர் தோணிகளைப் பார்க்கத் துறைக்குப் போவர்.

வரவிருப்பதை உருவத்தாலும் எழுத்தின் தோற்றத்தாலும் காட்டும் கலை இன்று மிக வளர்ந்துவிட்டது. கூம்பும் வளைகோடும் வண்ணப் பட்டையும் தடித்த எழுத்தும் நாள்தோறும் நம் கண்முன் வந்து, நாளைய மழையையும் அடுத்த ஆண்டின் விலைவாசியையும் எடுத்துரைக்கின்றன. கவிதையையும் கதையையும் நிறுத்துப் பார்க்கும் நாம் இவற்றை நிறுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு கவிதையைத் தவறாகப் படித்தவன் அதனால் கூரையை இழப்பதில்லை. இவற்றைத் தவறாகப் படித்தவன் இழக்கிறான்.

நிறுக்கும் கோல் எது? மதரஸாவில் ஓதியோர் அறிந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறோம். ஒரு செய்தியைப் பற்றிய மனத்தின் நிலையை நம் நூலோர் நான்காக வகுத்தனர். ஐயத்துக்கு இடமில்லாத உறுதி யகீன். ஒரு பக்கம் மேலோங்கி, மறுபக்கமும் முற்றாக நீங்காத நிலை ளன். இரு பக்கமும் சமமாக நிற்பது ஷக். தாழ்ந்து நிற்கும் பக்கத்தைப் பற்றிக்கொள்வது வஹ்மு. வானிலை முன்னறிவிப்பு எத்துணை நுட்பமான கருவியினின்று பிறந்தாலும் அது ளன் என்னும் இரண்டாம் படியைச் சேர்ந்தது. மறைவானவற்றின் உறுதியான அறிவு இறைவனுக்கே உரியது என நம்புவோர்க்கு இதில் வியப்பில்லை. எனவே முன்னறிவிப்பைச் சுமந்து வரும் வடிவத்திடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: ளன்னை ளன்னாகக் காட்டுகிறாயா? அல்லது யகீனின் உடையை அதற்கு அணிவித்துவிடுகிறாயா?

கூண்டிலிருந்தே தொடங்குவோம். அதன் மூதாதை இங்கிலாந்தில் பிறந்தது. டார்வின் பயணம் செய்த ‘பீகிள்’ கப்பலின் தலைவராயிருந்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய், 1854இல் அங்கு அமைந்த வானிலைத் துறைக்குப் பொறுப்பேற்றார். 1859 அக்டோபரில் ‘ராயல் சார்ட்டர்’ என்னும் கப்பல் வேல்ஸ் கரையருகே புயலில் சிக்கி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அந்தத் துயருக்குப்பின், 1861இல், தந்திவழிச் செய்தி பெற்றுத் துறைமுகக் கம்பங்களில் எச்சரிக்கைக் குறிகளை ஏற்றும் முறையை அவர் தொடங்கினார். கூம்பின் முனை மேல்நோக்கினால் வடக்கிருந்து காற்று, கீழ்நோக்கினால் தெற்கிருந்து. எழுத்தில்லை, சொல்லில்லை. தொலைவில் கப்பல் மேல்தட்டில் நிற்பவன் அந்தக் கரிய உருவைக் கண்டால் போதும். அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் ‘டைம்ஸ்’ நாளிதழில் அன்றாட முன்னறிவிப்பும் அச்சாயிற்று.

தாம் கூறுவது ஆரூடம் அன்று, தீர்க்கதரிசனமும் அன்று என்பதில் ஃபிட்ஸ்ராய் விழிப்பாயிருந்தார். அதற்கென்றே வேறொரு சொல்லைத் தேர்ந்து வழங்கினார். (அரபியில் இன்றும் இவ்விடர்ப்பாடு உண்டு. முன்னறிவிப்பைக் குறிக்கும் ‘தனப்புஉ’ என்னும் சொல், ‘நபி’ என்ற சொல்லோடு வேர்த்தொடர்புடையது. ‘தவக்குஉ’ என்பதோ எதிர்பார்ப்பு என்ற அளவில் அடக்கமாக நிற்கிறது. இரண்டாவதே நமக்கு உவப்பு.) ஆனால் வாசகர்கள் அவர் சொல்லை ஆரூடமாகவே படித்தனர், பிழைத்தபோதெல்லாம் நகைத்தனர். 1865இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டு நாளிதழ் முன்னறிவிப்பும் துறைமுகக் குறியும் இரண்டும் நிறுத்தப்பட்டன. பின் நிகழ்ந்ததே நம் கருத்துக்குரியது. கடலோடிகள் வேண்டியதால் 1867இல் புயற்குறிகள் மீண்டும் ஏறின. அச்சிட்ட அன்றாட முன்னறிவிப்போ 1879இல்தான் திரும்பி வந்தது. கம்பத்தின் உருவம் தன்னால் இயன்றதை மட்டுமே சொன்னது. அதனால் கடலோடிகள் அதை நம்பினர் என்று கொள்கிறோம்.

நம் நாட்டில் 1864ஆம் ஆண்டுப் புயல் கல்கத்தாவை அழித்தபின், 1865இல் அத்துறைமுகத்தில் எச்சரிக்கை முறை தொடங்கியது. நாளடைவில் அது விரிந்து பதினோரு குறிகள் கொண்ட ஒழுங்காயிற்று. பகலில் கூம்பும் உருளையும்; இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். இதனை ஓர் இலக்கணம் என்றே சொல்லலாம். முதலிரண்டு எண்களும் தொலைவிலுள்ள தீங்கைக் குறிப்பன. மூன்றும் நான்கும் துறைமுகத்தின் அண்மையைக் கூறுவன. ஐந்து, ஆறு, ஏழு ஆகியவை அபாயக் குறிகள். புயல் தன் பாதைக்கு இடப்புறமாகத் துறைமுகத்தை விட்டுச் செல்லுமாயின் ஐந்து, வலப்புறமாக விட்டால் ஆறு, அதன்மீதோ மிக அருகிலோ கடக்குமாயின் ஏழு. எட்டும் ஒன்பதும் பத்தும் அதே மூன்றையும் பேரபாயமாகச் சொல்வன. எஞ்சி நிற்பது பதினொன்று. வானிலை நிலையத்தோடு தொடர்பு அற்றுவிட்டது என்பது அதன் பொருள். ‘எமக்குச் செய்தி வரவில்லை, தீங்கு நேருமென்று கருதுகிறோம்’ என்று ஓர் அலுவலகம் கம்பத்தில் ஏற்றிச் சொல்லும் குறி வேறெங்கேனும் உண்டோ? பட்டியலின் உச்சியில் அறியாமைக்கே ஓர் உருவம் கொடுத்து வைத்தவர் எவராயினும் அவர் பெரிய கலைஞர்.

இனிக் கூம்பு. இது கம்பத்தில் ஏறும் கூம்பன்று. படத்தில் விரியும் கூம்பு. அமெரிக்கச் சூறாவளி மையம் 2002 முதல் இதனை வெளியிட்டது. நம் நாட்டிலும் 2009 முதல் புயற்பாதைப் படங்களில் இவ்வகைக் கூம்பு இடம்பெறுகிறது. புயல் இப்போதிருக்கும் இடத்தில் குறுகித் தொடங்கி, நாள் செல்லச்செல்ல அகன்று விரியும் ஒரு வெள்ளை உருவம். அதன் அகலம் அறியாமையின் அகலம். முந்தைய ஆண்டுகளின் பிழைகளை அளந்து, புயலின் மையம் மூன்றில் இரு பங்கு வேளைகளில் இதற்குள் அடங்கும் என்ற கணக்கில் அது வரையப்பட்டது. அதாவது மூன்றில் ஒரு பங்கு வேளைகளில் மையம் அதற்கு வெளியே போகும். கருத்தளவில் இதைக் காட்டிலும் நேர்மையான படம் அரிது.

ஆனால் கண் அவ்வாறு படிப்பதில்லை. விரியும் உருவைக் கண்டவர், புயலே வளர்ந்து பருக்கின்றது என்று கொள்கின்றனர். கூம்பின் விளிம்புக்கு வெளியே வீடிருப்பவர், கோட்டுக்கு அப்பாலுள்ளோம் என்று ஆறுதல் அடைகின்றனர். புயலின் காற்றும் மழையும் மையத்தினின்று நெடுந்தொலைவு பரவும் என்பதைப் படம் சொல்லவில்லை. இன்னுங் கேடாக, கூம்பின் நடுவே ஒரு கருங்கோட்டையும் இழுத்துவிட்டனர். 2004 ஆகஸ்ட் 13 அன்று ஃபுளோரிடாவில் ‘சார்லி’ சூறாவளி கரையேறியது. நடுக்கோடு டாம்பா நகரை நோக்கி இருந்தது. சூறாவளியோ முன்னரே திரும்பித் தெற்கிலுள்ள புன்ட்டா கோர்டா பகுதியைத் தாக்கியது. அவ்வூர் கூம்புக்குள்ளேயே இருந்தது, முன்னறிவிப்பு பிழைக்கவில்லை. எனினும் கோட்டை மட்டுமே பார்த்திருந்த பலர் அயர்ந்திருந்தனர். ஒரு மெல்லிய கோடு ளன்னை யகீனாக மாற்றிவிட்டது. பின்னர் அக்கோடில்லாத படத்தையும் அம்மையம் வெளியிட்டது.

கோட்டை நீக்கிய இன்னொரு படமும் உண்டு. இங்கிலாந்து வங்கி 1996 பிப்ரவரியில் விலைவாசி முன்னறிவிப்புக்கென வெளியிட்ட விசிறிப் படம் அது. நடுவில் அடர்ந்தும் இருபுறமும் வெளிறியும் செல்லும் வண்ணப் பட்டைகள். எங்கு வண்ணம் முடிகிறது என்று விரல் வைத்துச் சொல்வது எளிதன்று. வங்கிக்காரர் கவிஞரல்லர் என்பார் அப்படத்தைப் பார்க்கட்டும்.

எழுத்துக்கு வருவோம். நமக்குரிய துறை இது. நம் குறையும் இங்கேதான் பெரிது.

பெட்டிக்கடை முன் தொங்கும் செய்திப் போஸ்டரைப் பாருங்கள். ‘புயல்’ என்ற சொல் முழங்கை நீளத்தில், சிவப்பில், காற்றில் சாய்ந்தாற்போல வரையப்பட்டிருக்கும். தொலைக்காட்சியில் அதே எழுத்து நடுங்கும், உடையும், இடியோசையுடன் வந்து மோதும். எழுத்து தன் பொருளை நடித்துக் காட்டுவதை நாம் வெறுப்பவரல்லோம். அலிஃபை எத்தனை புள்ளி உயரத்தில் நிறுத்துவது என்று இப்னு முக்லா காலந்தொட்டு அளந்துவந்த மரபின் பிள்ளைகள் நாம். நம் வினா வேறு. ‘புயல்’ நடுங்குகிறது, ‘கூடும்’ எங்கே?

தமிழ் வாக்கியத்தின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். ‘வேதாரண்யம் அருகே நாளை இரவு புயல் கரையைக் கடக்கக்கூடும்’ என்கிறோம். ஐயம் முழுதும் இறுதிச் சொல்லின் வாலில் தங்கியிருக்கிறது. ‘கூடும்’, ‘லாம்’, ‘வாய்ப்புள்ளது’ என்பனவெல்லாம் வாக்கியத்தின் கடைக்கோடியில் நிற்பவை. தலைப்பில் இடம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவது கடைக்கோடிதான். ‘வேதாரண்யம் அருகே நாளை புயல்’ என்றாகிவிடுகிறது. அல்லது ‘நாளை கரையைக் கடக்கிறது’ என்று நிகழ்காலம் வந்து அமர்ந்துகொள்கிறது. வராத ஒன்றை நிகழ்காலத்தில் கூறும் துணிவை நம் நாளிதழ்களுக்கு யார் கொடுத்தார்களோ!

அரபி இதற்கு மாறாக ஐயத்தை வாசலிலேயே நிறுத்தும். ‘லஅல்ல’ என்று தொடங்கினால் கேட்பவர் முதற்சொல்லிலேயே விழித்துக்கொள்வார். ‘கத்’ என்னும் இடைச்சொல் இன்னும் நுட்பமானது. இறந்தகால வினைக்கு முன் வந்தால் அது உறுதியைத் தரும்; எதிர்கால வினைக்கு முன் வந்தால் பெரும்பாலும் ‘இருக்கக்கூடும்’ என்ற ஐயத்தைத் தரும். நடந்ததைப் பற்றி உறுதி, நடக்கவிருப்பதைப் பற்றி ஐயம், சொல் ஒன்றேதான். நஹ்வுப் பாடத்தில் இதைக் கேட்ட நாளில் எமக்குண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

இஃது இலக்கணவாதியின் சிறு சண்டை என்று கருதற்க. எம் மூத்த ராத்தா முத்துப்பேட்டைப் பக்கத்தில் ஓட்டுவீட்டில் இருந்தார். 2018 அக்டோபர் தொடக்கத்தில் தமிழகத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை என்ற செய்தி வந்தது. அந்நிறம் அலுவலர்கள் ஆயத்தமாவதற்கு இட்ட குறி. அறிக்கையில் நிபந்தனைகளும் இருந்தன. போஸ்டரில் இருந்ததோ இரண்டே சொற்கள், இரத்தம் சொட்டும் எழுத்தில். ராத்தா நெல்லையும் நகையையும் கட்டிக்கொண்டு பேத்தியுடன் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தார். சொன்ன பெருமழை எம் பக்கம் வரவில்லை. அடுத்த மாதம் ‘கஜா’ வந்தது. கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையில் கடக்கக்கூடும் என்ற அறிவிப்பைச் சொல்லி, புறப்படுங்கள் என்று தொலைபேசியில் மன்றாடினோம். “போன மாசமும் இதே சேப்பு எழுத்துத்தானே தம்பி போட்டான், ஒரு தூத்தல் விழுந்துச்சா?” என்றார். நவம்பர் 16 அதிகாலையில் புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. ஓடு முழுதும் போயிற்று. கட்டிலுக்கடியில் பேத்தியை அணைத்தபடி கிடந்து, அல்லாஹ்வின் அருளால் இருவரும் பிழைத்தனர். அவரை நாம் குறை கூறமாட்டோம். இரண்டு முறையும் எழுத்து ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருந்தது. ஐயத்தின் அளவு வேறாயிருந்ததை அவர் எதைக்கொண்டு அறிவார்?

அளவை எழுத்தாலேயே காட்ட இயலுமா எனின், இயலும். பருவநிலை பற்றிய பன்னாட்டு அரசுக் குழுவின் அறிக்கைகளில் ‘நிகழக்கூடியது’ என்ற சொல்லுக்கு நூற்றுக்கு 66க்கு மேல் என்றும், ‘மிகவும் நிகழக்கூடியது’ என்பதற்கு 90க்கு மேல் என்றும் வரையறை உண்டு. அச்சொற்களை மட்டும் சாய்வெழுத்தில் அச்சிடுகின்றனர். சாய்ந்த எழுத்தைக் கண்டதும், இது போகிறபோக்கில் எழுதிய சொல்லன்று, அளந்து வைத்த சொல் என்று படிப்பவர் உணர்வார். எங்கே எழுத்தைச் சாய்க்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருக்கின்றனர். நாம் புயலைச் சாய்க்கின்றோம். அவர்கள் ஐயத்தைச் சாய்க்கின்றனர்.

இதைவிட எளிய வழி நம் வீட்டு ரைஹாலிலேயே விரிந்து கிடக்கிறது. திருக்குர்ஆன் வரிகளுக்கு மேலே சிற்றெழுத்துகளைக் காண்கிறோம். மீம் இருந்தால் நிறுத்தியே ஆகவேண்டும். ஜீம் இருந்தால் நிறுத்தவும் செய்யலாம், தொடரவும் செய்யலாம். ஸே இருந்தால் நிறுத்தலாம், தொடர்வது நன்று. லா இருந்தால் நிறுத்தலாகாது. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸஜாவந்தியின் பெயரோடு இணைந்த ஒழுங்கு இது. வலிமையின் படிகளை ஒவ்வோர் எழுத்தளவில் குறித்துவிட்டனர். மக்தபில் ஓதும் ஏழு வயதுக் குழந்தை இதைப் படித்து மூச்சை நிறுத்துகிறது. அச்சகத்தார் ‘கூடும்’ என்பதற்கு அத்தகைய குறியொன்றைத் தலைப்பின் மேல் இட்டால் இடமும் வீணாகாது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், எம் வகுப்பு மாணவர்களிடம் அன்றைய வானிலை அறிக்கையைக் கொடுத்து, அதனை ஒரு தாளில் போஸ்டராக எழுதிவரச் சொன்னோம். பெரும்பாலோர் சுழலும் மேகமும் நடுங்கும் எழுத்தும் வரைந்து வந்தனர். ஒரு சிறுவன் மட்டும் தாளின் உச்சியில் தடித்த எழுத்தில் ‘கூடும்’ என்று எழுதி, அதன்கீழ்ச் சிறிய எழுத்தில் ‘நாளை பலத்த மழை பெய்ய’ என்று முடித்திருந்தான். இஃதென்ன தமிழ் என்று கேட்டோம். “லஅல்ல மாதிரி எழுதிப் பார்த்தேன் ஹஜ்ரத்” என்றான். வாக்கியப் பிழைக்கு இரண்டு மதிப்பெண் குறைத்துவிட்டு, தாளை வகுப்புச் சுவரில் ஒட்டச் சொன்னோம்.