சுரங்கத்தில் பூசாரி, சூளையில் முன்பணம்

பள்ளிக்கூட நாளிலிருந்து நான் இந்தியானா ஜோன்ஸ் ரசிகன். சண்டையெல்லாம் இரண்டாவது படத்தோடுதான். 1984-இல் வந்த 'டெம்பிள் ஆஃப் டூம்' பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் அந்த விருந்தைச் சொல்வார்கள்: குரங்கு மூளை, பாம்பு. இந்தியாவில் அனுமதி கிடைக்காமல் கண்டிப் பக்கம் எடுத்த படம். விருந்து அபத்தம்தான். ஆனா என்னை உறுத்துவது சுரங்கம்.

கிராமத்துக் குழந்தைகளைக் கடத்திவந்து, சங்கிலி போட்டுத் தோண்ட விடுகிறார்கள். காரணம்? அம்ரீஷ் பூரி நடித்த பூசாரிக்கு மந்திரக் கற்கள் வேணும். அவன் ஒழிந்து, பிரிட்டிஷ் பட்டாளமும் வந்துசேர்ந்தால் எல்லாம் சரி. குழந்தைகள் ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலிருந்தும் ஒடிசாக் குடும்பங்களைக் குழந்தைகளோடு மீட்டிருக்கிறார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. இங்கே பூசாரி கிடையாது, நரபலி கிடையாது. ஊரில் வாங்கின முன்பணம்தான் சங்கிலி. மீட்டு அனுப்பினாலும், வீட்டில் அரிசி இல்லையென்றால் அடுத்த வருஷம் மறுபடி முன்பணம் வாங்கத்தான் வேண்டும்.

ஜோன்ஸ் சாட்டையைச் சொடுக்கினால் இன்னைக்கும் விசில் அடிப்பேன். ஆனா அந்தக் கொடுமையை ஒரு மதவெறியனின் தலையில் கட்டிவிட்டு, கூலிக் கணக்கைப் பற்றி மூச்சே விடாத படம் அது. விருந்தைவிட அதுதான் பெரிய பொய்.