ரீஸ்டார்ட் மரபும் லாக் மரபும்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் நம் தோல் வட்டாரத்தில் லினக்ஸ் கணினிகளைப் பழுது பார்க்கிறவர்களை இரண்டு மரபினராகப் பிரித்துவிடலாம்: ரீஸ்டார்ட் மரபினர், லாக் மரபினர். லாக் மரபினர் முதலில் கணினியின் பதிவுகளைப் படிப்பவர்கள். முதல் தரப்புக்கே ஆள்பலம் அதிகம். சர்வீஸ் நின்றுவிட்டதா, ரீஸ்டார்ட். நெட் வரவில்லையா, ரவுட்டரை அணைத்துப் போடு. பெரும்பாலும் இது வேலை செய்துவிடுகிறது, அதுதான் சங்கடம். குரோம் பதனிட்ட வெட் புளூ தோலிலேயே பார்த்திருக்க வேண்டிய கத்திக் காயத்தை பிக்மென்ட் பூசி மறைத்து அனுப்புவதைப் போன்ற காரியம் இது. ஷூ அப்பரை லாஸ்ட் அச்சில் இழுக்கும்போது காயம் பிளந்துகொள்ளும்.

தமிழ்நாட்டில் லினக்ஸ் அலுவலகத்துக்குள் வந்த வழிகள் பல. 2007-ஐ ஒட்டி தமிழக அரசு நிறுவனமான எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறியது. அதே காலத்தில் சென்னை சி-டாக், டெபியன் வழியில் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் ஒரே பெட்டியில் வந்தன. ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளம் இருந்தால் மணி ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கிற கோளாறும் கூடவே வரும். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கும்; லினக்ஸ் உலகப் பொது நேரமாகப் படிக்கும். கடையில் கொடுத்து பேட்டரி மாற்றினாலும் இது தீராது. இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்குக் கொண்டுவந்தால் தீரும். லினக்ஸில் அது ஒரு வரிக் கட்டளை.

சர்வீஸ்களை எழுப்பும் முறையிலும் பள்ளிகள் உண்டு. பழைய சிஸ்வி இனிட், வரிசை எண் போட்ட ஸ்கிரிப்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டியது. 2006-இல் உபுண்டு அப்ஸ்டார்ட்டைக் கொண்டுவந்தது. 2010-இல் சிஸ்டம்டி வந்தது. அடுத்த ஆண்டே ஃபெடோரா 15 அதை ஏற்றது. அதை ஏற்பதா என்று டெபியனில் 2014-இல் பெரிய சண்டையே நடந்தது. தொழில்நுட்பக் குழுவில் வாக்குகள் சமமாகி, தலைவரின் வாக்கில்தான் சிஸ்டம்டிக்குச் சாதகமாக முடிவானது. கோபித்துக்கொண்டு பிரிந்தவர்கள் டெவுவான் என்று தனிக்குடித்தனம் போனார்கள். ஒரே நிரலுக்குள் இத்தனையையும் அடைப்பதா என்ற அவர்கள் கேள்வி நியாயமானதே. ஆனாலும் நான் சிஸ்டம்டி பக்கம்தான், அதன் லாக் பதிவேடான ஜர்னலுக்காக.

ஒரு உதாரணம். கம்பெனி ஸ்டோரில் உள்ள சர்வரைக் காலையில் போட்டதும் ஸ்டாக் மென்பொருள் எழாது. கையால் ரீஸ்டார்ட் செய்தால் எழுந்துவிடும். மறுநாளும் இதே கதை. ஜர்னலைத் திறந்தால், கேட்ட முகவரியை ஒதுக்க முடியவில்லை என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். ரவுட்டரிடமிருந்து ஐபி வருவதற்கு முன்பே சர்வீஸ் அந்த ஐபியைக் கேட்டிருக்கிறது. சிஸ்டம்டியில் ‘நெட்வொர்க் டார்கெட்’ என்றால் நெட்வொர்க்கைக் கவனிக்கும் மென்பொருள் கிளம்பிவிட்டது என்று மட்டுமே பொருள். முகவரி வரும்வரை காத்திருக்க ‘நெட்வொர்க் ஆன்லைன் டார்கெட்’டை யூனிட் கோப்பில் குறிப்பிட வேண்டும். இரண்டு வரி வேலை. ரீஸ்டார்ட் மரபினர் அந்த ரீஸ்டார்ட்டையே வருடக்கணக்கில் கையால் செய்துகொண்டிருப்பார்கள்.

ஜர்னலை நம்ப வேண்டுமானால் கடிகாரத்தை நம்ப முடிய வேண்டும். ராஸ்பெரி பை 4 வரையிலான பலகைகளில் பேட்டரி கடிகாரமே கிடையாது. இரவு முழுக்க அணைந்து கிடந்த பலகை, கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே எழும். காலையின் முதல் லாக் வரிகளில் நேற்று மாலை மணி பதிந்திருக்கும். பார்ப்பவர் கோளாறு நேற்றே வந்ததென்று நினைப்பார். அங்கே மணியை விட்டுவிட்டு, பூட் ஆனதிலிருந்து ஓடிய விநாடிக் கணக்கில் ஜர்னலைப் படிக்க வேண்டும்.

நேரத்தைத் திருத்தும் மென்பொருள்களில் மூன்று குணம். பழைய என்டிபிடி, வித்தியாசம் 1000 விநாடியைத் தாண்டினால் திருத்த மறுத்து வெளியேறிவிடும். தனியாகச் சொல்லி வைத்தால்தான் முதல் தடவை விட்டுக்கொடுக்கும். குரோனி தொடக்கத்தில் ஒரே தாவலாகத் தாவி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும்; கரன்ட் போய் வரும் ஊருக்கு அதுவே ஏற்றது. டைம்சிங்க்டிக்கு நேரத்தைக் கேட்டுக்கொள்ள மட்டும் தெரியும். ஆபீஸ் கணினிக்குப் போதும்.

எங்கிருந்து நேரம் வாங்குவது என்பதற்கு இப்போது சட்டமே உண்டு. 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, நிறுவனங்கள் தேசியத் தகவல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடு ஒத்திசைய வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் கிடைத்தது. நம் வட்டாரத்துக்கு இது வெறும் ஆபீஸ் விவகாரமல்ல. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததிலிருந்து டேனரிக் கழிவுநீர்க் கணக்கு கண்காணிப்பில் இருக்கிறது. 2014-இல் தோல் பதனிடுவது உட்பட 17 வகைத் தொழில்களுக்கு ஆன்லைன் கண்காணிப்பை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வலியுறுத்தியது. மணி தவறிய அளவீட்டை யாரிடம் காட்டுவது?

இடையில் ஒரு வேடிக்கை. லினக்ஸில் இந்திய நேர மண்டலத்தை வைத்து 1900-ஆம் ஆண்டுத் தேதி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். ஐந்தரை மணி வராது. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முந்திய மெட்ராஸ் நேரம் வரும். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் விட்ட நம் ஊர்ப் பாதையின் பழைய மணி, 1906-இல் விடைபெற்ற பிறகும் ஒவ்வொரு சர்வரிலும் கோப்பாகக் கிடக்கிறது.

நெட்வொர்க்கில் பள்ளிகள் குழம்பிக் கிடக்கின்றன: இன்டர்ஃபேசஸ் கோப்பு, நெட்வொர்க் மேனேஜர், நெட்வொர்க்டி, உபுண்டுவின் நெட்பிளான். ஒரே கணினியில் இவற்றில் இரண்டு ஒரே நெட்வொர்க் கார்டுக்குச் சண்டை போட்டால் ஐபி வந்து வந்து போகும். கேபிள், ஐபி, கேட்வே, டிஎன்எஸ் என்ற வரிசையில் பார்ப்பவருக்குப் பாதி வேலை மிச்சம். எண்ணுக்கு பிங் போய் பெயருக்குப் போகவில்லை என்றால் ரவுட்டரைத் தொடவே வேண்டாம்; கோளாறு டிஎன்எஸ்ஸில். வேலூரில் உட்கார்ந்து ஆம்பூர் சர்வரின் ஐபியை மாற்றுகிறவர், நெட்பிளானில் ‘அப்ளை’ போடாமல் ‘டிரை’ போடட்டும். 120 விநாடிக்குள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்பு தானே திரும்பிவிடும். அப்ளை போட்டுத் தொடர்பு அறுந்தவர் பஸ் ஏற வேண்டியதுதான்.