முதற் பேசும் படமும் ஆண்டு நிறைவு விழாவும்

சான்றோர்க்குரிய நாளை ஆண்டுதோறும் நினைந்து போற்றுதல் நம்மவர்க்குப் புதியதோர் வழக்கன்று. சித்திரைச் சதயத்தில் அப்பரடிகளின் குருபூசை நிகழ்கின்றது. அந்நாளில் அவர் வரலாற்றை எடுத்துரைப்பதோடு நாம் அமைவதில்லை; அவர் அருளிய தேவாரத்தையும் ஓதுகின்றோம். நாளும் நூலும் பிணைந்து நிற்றலாலேயே அவ்விழா பொருளுடையதாகின்றது. இக்காலத்தில் நாடகம், வானொலி, திரைப்படம் முதலிய பொழுதுபோக்குக் கலைகளுக்கும் ஆண்டு நிறைவு கொண்டாடும் வழக்கம் பெருகி வருகின்றது. அவ்விழாக்களிலும் இப்பிணைப்பு உளதா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

தமிழர் நன்கறிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1931ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் சென்னைக் கினிமா சென்ட்ரல் கொட்டகையில் "காளிதாஸ்" என்னும் படம் திரையிடப்பட்டது. பம்பாயில் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் பிலிம் கம்பெனி அதனைத் தயாரிக்க, எச். எம். ரெட்டி நெறிப்படுத்தினார். அந்நாள் வருந்தோறும் அப்படம் 'தமிழின் முதற் பேசும் படம்' எனப் போற்றப்படுகின்றது. இத்தொடரின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

'முதல்' என்பதை முதற்கண் நோக்குக. இதே ரெட்டி நெறிப்படுத்திய "பக்த பிரகலாதா" என்னும் தெலுங்குப் படம் 1931 செப்டெம்பர் 15இல் வெளிவந்ததெனப் பல்லாண்டுகளாக நம்பப்பட்டு, அந்நாளே தெலுங்குப் பேசும் படத்தின் பிறந்த நாளாகவும் கொள்ளப்பட்டு வந்தது. பின்னர் அக்காலச் சான்றுகளைத் துருவி ஆராய்ந்தோர், அது வெளிவந்த நாள் 1932 பெப்ரவரி 6 என எடுத்துக்காட்டினர். இதனால் எது முந்தியது என்னும் வரிசை மாறிற்று. ஆயினும் இரு படங்களின் இசையோ நடிப்போ இதனால் அணுவளவும் உயரவுமில்லை, தாழவுமில்லை. 'முதல்' என்பது எண்ணேயன்றி மதிப்பீடு அன்று. எண்ணைப் போற்றுதற்கும் அவ்வெண்ணையேனும் செவ்விதாக அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

அடுத்தது 'தமிழ்' என்னுஞ் சொல். கதாநாயகியாகிய டி. பி. இராஜலட்சுமி தமிழிற் பேச, காளிதாசனாக நடித்த பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கிற் பேசினார், எல். வி. பிரசாத்தோ இந்தியிற் பேசினார். இஃது அப்படத்துக்கு இழுக்கன்று; அக்காலப் படத்தொழில் மொழிவேலியின்றி இயங்கியமைக்கு இது சான்று. நம் நாட்டு வரலாறும் இத்தகையதே. 1947 ஜனவரி 21இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும் படமாகிய "கடவுணு பொறொந்துவ"வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அதன் கதாநாயகியாகிய ருக்மணி தேவியும் பிறப்பால் தமிழரே. பல கைகள் கூடி ஆக்கியதை ஒரு மொழியின் தனிச்சொத்தாகப் பேசும் விழா அக்கைகளை மறைத்துவிடுகின்றது.

மூன்றாவது 'பேசும்' என்பது. உண்மையில் "காளிதாஸ்" பேசியதிலும் பாடியதே அதற்குப் புகழ் தந்தது எனலாம். தியாகராச சுவாமிகளின் கீர்த்தனைகளும், மதுரை பாஸ்கரதாஸ் இயற்றிய தேசியப் பாடல்களும் அதில் இடம்பெற்றன. பண்டை வடமொழிப் புலவனின் கதையினிடையே காந்தியடிகளின் இராட்டினத்தைப் போற்றும் பாட்டு ஒலித்ததெனின், கதைப் பொருத்தம் எங்கே என வினவத் தோன்றும். ஆயின், அன்றைய அவையினர் கம்பெனி நாடகங்களிற் பயின்றவர் என்பதை நாம் மறத்தலாகாது. அந்நாடகங்களிற் கதை என்பது பாட்டைக் கோக்கும் நூலாகவே பெரும்பாலும் நின்றது. கதைக்கு இயைபில்லாத தேசியப் பாட்டும் மேடையில் வரவேற்கப்பட்டது. உப்புச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்து ஓராண்டே கழிந்திருந்த காலம் அது. தம் மொழியில், தாம் அறிந்த நடிகையின் குரல், தம் உள்ளத்திற் கனன்ற உணர்ச்சியை வெண்திரையிலிருந்து எழுப்பக் கேட்டமையே அவையோர்க்குப் பெருவியப்பாயிருந்திருத்தல் வேண்டும். பிற்காலத் தமிழ்ப் படம் பாட்டை விடாது பற்றி நின்றமைக்கும் இம்மேடை மரபே வேர். விழாக் கொண்டாடுவோர் விரித்துரைக்கத்தக்கது இதுவாகும்.

எஞ்சியது 'படம்' என்னும் ஒரு சொல். அதுதான் இன்று இல்லை. "காளிதாஸ்" படத்தின் பிரதி ஒன்றேனும் கிடைத்திலது. அக்காலப் படச்சுருள்கள் செலுலோசு நைத்திரேற்றால் ஆனவை, எளிதில் தீப்பற்றுவன, வெப்பத்தில் தாமே சிதைவன. ஓடி முடிந்த சுருள்களை அவற்றிலுள்ள வெள்ளிக்காக உருக்கியதும் உண்டு. இந்தியாவின் முதற் பேசும் படமாகிய "ஆலம் ஆரா"வும் இவ்வாறே இழக்கப்பட்டது. இராஜலட்சுமியே எழுதித் தயாரித்து நெறிப்படுத்தி நடித்த "மிஸ் கமலா" (1936) என்னும் படமும் அழிந்தொழிந்தது.

விழா இல்லையேல் இப்பெயர்களும் மறைந்திருக்குமே எனச் சிலர் கூறுவர். அஃது ஓரளவு மெய்யே. ஆயினும் பெயரை மாத்திரம் காத்து நூலைக் கைவிடுதல் நம் முன்னோர் காட்டிய நெறியன்று. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏட்டுச் சுவடிகள் செல்லுக்கு இரையாகும் நிலை கண்டு உளம் நொந்து, தேடித் தொகுத்து ஒப்புநோக்கி, 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். அவர் கலித்தொகைக்கு விழா எடுத்தாரல்லர். கலித்தொகையையே நமக்குத் தந்தார்.

2031ஆம் ஆண்டு "காளிதாஸ்" நூற்றாண்டு நிறைவெய்தும். அன்று மேடைகளும் மாலைகளும் குறைவறக் காணப்படும் என்பதில் ஐயமில்லை. அதற்கு முன்னரே பழைய படங்களின் பாட்டுப் புத்தகங்களையும், விளம்பரத் தாள்களையும், இசைத்தட்டுகளையும் தேடித் தொகுத்தல் அறிவுடையோர் கடனாகும். அவற்றுட் சில நம் வீட்டுப் பரண்களிலேயே கிடத்தலுங் கூடும். மாணவர் ஒருவர் அத்தகைய நைந்த பாட்டுப் புத்தகம் ஒன்றைக் கண்டெடுத்து நூல்நிலையத்திற் சேர்ப்பாராயின், மாலை சூட்டிய மேடைகள் பலவற்றினும் அதுவே மேலான விழாவாகும்.