தரையில் உட்கார்ந்து பாருங்கள்

அமெரிக்காவில் 1940, 50-களில் செய்த குழந்தைகள் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று பழம்பொருள் கடையிலோ அருங்காட்சியகத்திலோ கண்ணில் பட்டால், கூச்சப்படாமல் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். நின்றபடி குனிந்து பார்த்தால் அது வெறும் பொம்மை. புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டன் 1970 வாக்கில் மெம்ஃபிஸில் இப்படியொரு சைக்கிளை எடுத்த புகைப்படத்தில் கேமரா கிட்டத்தட்ட தரையோடு இருக்கிறது. சைக்கிள் பின்னாலுள்ள வீட்டைவிடப் பெரிதாக எழுந்து நிற்கிறது. நிறுத்திய கார் அதன் சக்கரங்களுக்கு இடையில் அடங்கிவிடுகிறது. 1976-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவர் படங்களை வைத்து வெளியிட்ட நூலுக்கு அதுதான் அட்டைப்படம்.

இப்போது முன்சக்கரம். பெடல் அதன் அச்சிலேயே நேராகப் பூட்டியிருக்கும். செயின் கிடையாது, ஃப்ரீவீல் கிடையாது. 12 அங்குலச் சக்கரமானால் பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் சுமார் மூன்றடி நகரும், அவ்வளவுதான். முன்சக்கரம் மட்டும் பெரிதாக இருப்பது இதனால்தான். இறக்கத்தில் வண்டி காலைச் சுழற்றும், கால்தான் பிரேக். வலது பெடலை அழுத்தினால் சக்கரம் ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும், அதைக் கை இழுத்துப் பிடிக்க வேண்டும். கைக்கும் காலுக்கும் இவ்வளவு வேலை வைக்கும் வாகனம் வேறு எது? பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே சுழல்வதால் வளைவில் மக்கர் பண்ணுவதில்லை.

அடுத்தது உடம்பு. 1930-களில் டொலிடோ நகரத்து வடிவமைப்பாளர்கள் ஹெரால்ட் வான் டோரனும் ஜான் கார்டன் ரைடவுட்டும் அமெரிக்கன் நேஷனல் நிறுவனத்துக்காக விமானத்தையும் ரயில் இன்ஜினையும் நினைவூட்டும் வழவழப்பான குழந்தை வண்டிகளை வரைந்தார்கள். அந்த மோகம் போருக்குப் பிறகும் விடவில்லை. குழந்தை போகும் வேகத்தில் காற்று என்ன தடுத்துவிடப் போகிறது? காற்றைக் கிழிப்பதுபோன்ற அந்த வடிவம் சுத்தப் பொய்தான், ஆனால் அழகான பொய். மட்கார்டு நீர்த்துளிபோல் பின்னால் கூம்பி முடிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மர்ரே நிறுவனத்துக்காகக் குழந்தை வண்டிகளை வடிவமைத்த விக்டர் ஷ்ரெக்கன்காஸ்ட் பீங்கான் கலைஞரும்கூட. அந்த வண்டிகளின் வளைவுகளில் களிமண் பழகிய கை தெரிகிறது என்பது என் கட்சி.

கடைசியாக, பின்சக்கரங்களுக்கு நடுவிலுள்ள தகட்டுப் படி. ஏறி இறங்க வைத்தது. தம்பியோ சிநேகிதியோ டபுள்ஸ் போவதும் அதில்தான். பெயின்ட் அதிகம் தேய்ந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

அப்படிப்பட்ட வண்டி கைக்குக் கிடைத்தால், தயவுசெய்து புதுப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள்.