ஏறத் தெரியாத செடிக்கு ஒரு கொழுகொம்பு

தக்காளிக்கு ஏறத் தெரியாது. பாகலுக்குப் பற்றுக்கம்பி இருக்கிறது. அவரை தானாகச் சுற்றிக்கொண்டு மேலே போய்விடும். வெற்றிலை கணுவுக்குக் கணு வேர்விட்டு ஒட்டிக்கொள்ளும். தக்காளிக்கு இந்த வித்தைகளில் ஒன்றும் கிடையாது. தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பிறந்த அதன் மூதாதைகள் தரையில் படர்ந்தவை. தண்டு மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர்விட்டவை. அதை நிமிர்த்திப் பார்க்கும் ஆசை நமக்குத்தான்.

இப்படி ஒரு பேச்சு வந்தால் உடனே பாரியின் தேரை இழுத்து வருவார்கள். அது முல்லை; தேர்க்காலைச் சுற்றிக்கொள்ளத் தெரிந்த கொடி. தக்காளிக்குத் தேரை விட்டுப் போயிருந்தால் அது தேருக்கு அடியிலேயே படுத்திருக்கும். தேரோடு ஒரு ஆளையும் ஒரு கட்டு நாரையும் விட்டுப் போயிருக்க வேண்டும்.

எல்லாத் தக்காளிக்கும் இந்தச் சீராட்டல் வேண்டாம். 1914இல் ஃபுளோரிடாவில் தற்செயலாக ஒரு செடி குட்டையாக நின்றுகொண்டது. ஓரளவு வளர்ந்ததும் நுனியில் பூவிட்டு வளர்ச்சியை முடித்துக்கொள்ளும் குணம் அதற்கு. இன்று வயலில் குட்டையாக விளையும் பல ரகங்களில் அந்தக் குணம்தான் இருக்கிறது. நம் பெரியகுளம் தந்த பிகேஎம் 1 ரகமும் குட்டைதான். தேனிப் பக்கத்து அன்னஞ்சித் தக்காளியிலிருந்து பிறந்தது, கொம்பு கேட்காது. எனக்கு மயக்கம் மற்றதன் மேல்: கொழுந்து நிற்காமல் ஓடும் நெட்டை ரகம். கீழே பழம், நடுவில் காய், மேலே பூ என்று ஒரே தண்டில் மூன்று பருவமும் தெரியும். மாதக்கணக்கில் காய்க்கும். ஆள் உயரத்தைத் தாண்டும்.

கணக்கும் சும்மா இல்லை. ஒரு குலையில் ஐந்து காய், காய்க்கு 80 கிராம் என்றால் குலைக்கு 400 கிராம். எட்டுக் குலை பிடித்தால் 3 கிலோவைத் தாண்டும். இலையின் ஈரம், மழை நீர் எல்லாம் அதற்கு மேலே. சுண்டுவிரல் பருமனுள்ள தண்டு இதைத் தாங்கும் என்று நம்புகிறவர் தோட்டம் போட்டதில்லை.

நான் போட்டேன், நம்பவும் செய்தேன். கோவையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் செடிக்கு ஒன்றாக எட்டு மூங்கில் குச்சிகளை ஊன்றினேன். ஆனியில் அழகாக நின்றன. ஆடி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்தது. அம்மி பறந்ததா என்று பார்க்கவில்லை. எட்டு மூங்கிலும் காயும் பூவுமாகக் கிழக்கே பார்த்துப் படுத்திருந்தன. பிடுங்கிப் பார்த்தபோது எல்லாமே மண்மட்டத்தில் இற்றுப்போயிருந்தன. ஈரமும் காற்றும் சந்திக்கிற அந்த நாலு விரல் அகலத்தில்தான் பூஞ்சையும் கரையானும் குடியிருக்கும்.

அந்த வாரம் பக்கத்து வீட்டில் சீர். பந்தல் போட வந்த பெரியவர் வேலியோரம் நின்று என் போர்க்களத்தைப் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, குச்சிக்குக் குச்சி தனியா நட்டா அது தனியாத்தானுங்க விழும். ஒண்ணுக்கொண்ணு கை கோக்கோணும்.”

“அப்போ பந்தலாவே போட்டுரலாங்களாண்ணா? ஒவ்வொரு வருசமும் பிரிக்கறதுதான் ரோதனை.”

“கட்டறப்பவே அவுக்கறத நெனச்சுக் கட்டோணுங்க. நாங்க ராத்திரி பன்னெண்டு மணிக்கு இருட்டுல அவுக்கறமில்ல?”

அடுத்த நாள் அவர் பந்தலைப் பிரிப்பதை உட்கார்ந்து பார்த்தேன். கத்தியே எடுக்கவில்லை. ஒவ்வொரு கட்டிலும் ஒரு வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து ஒரு இழுப்பு, கயிறு முழுசாகக் கையில் வந்தது. குச்சி சேதமில்லை, கயிறும் சேதமில்லை. கட்டியதை ரசிக்க ஊரே வந்தது. பிரித்ததை ரசிக்க நான் ஒருவன்தான் இருந்தேன்.

என் தோட்டத்துக் கொழுகொம்பு அந்தக் காட்சியிலிருந்து வந்தது. பன்னிரண்டு அடி வரிசை, ஒன்றரை அடிக்கு ஒரு செடி. இரண்டு முனையிலும் நடுவிலும் மண்ணுக்குள் இரண்டடிக்கு இரண்டங்குல பிவிசி குழாய்த் துண்டு. சுற்றிலும் செங்கல் ஜல்லியும் சிமெண்டும் போட்டுக் கெட்டித்திருக்கிறேன். அடியை மூடவில்லை, தண்ணீர் இறங்க வேண்டுமே. அதற்குள் ஒன்பதடி ஜிஐ பைப் இறங்கும். இடைவெளியில் ஒரு மர ஆப்பு. ஆப்பைத் தட்டி எடுத்தால் கால் கையோடு வந்துவிடும். பைப்பின் தலையில் வெல்டிங் பட்டறையில் ஒட்ட வைத்த ஒரு வளைவு, கவட்டைக் கொம்பு மாதிரி. அதில் கிடையாக ஒரு கல்மூங்கில் படுத்திருக்கும். ஆணி கிடையாது, வால் விட்ட கயிற்றுக்கட்டு மட்டும்.

ஈரத்தோடு மல்லுக்கட்டுகிற வேலை இரும்புக்கு. மூங்கில் மண்ணையே தொடாததால் இற்றுப்போக வழியில்லை. போர்வண்டு மட்டும்தான் பகை. தேய்பிறையில் வெட்டிய மூங்கில் உளுக்காது என்பார்கள். நான் நம்புவது இரண்டு வாரம் தண்ணீரில் ஊறப் போடுவதை: வண்டு தேடி வரும் மாவுச்சத்து கரைந்துபோகும். மூங்கிலிலிருந்து செடிக்கு ஒன்றாகச் சணல் தொங்கும். தண்டைச் சணலில் கட்டாமல் இரும்போடு கட்டுகிறவர்கள் சித்திரை மதியத்தில் அந்தப் பைப்பை ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும்.

வரிசை எந்தத் திசையில் என்பதில் எனக்கும் புத்தகங்களுக்கும் சண்டை. வடக்கு தெற்காகப் போடு, இரண்டு பக்கமும் வெயில் படும் என்பார்கள். இலை அடர்ந்த பந்தல் கப்பல் பாய் மாதிரி; மேற்குக் காற்றை நெஞ்சில் வாங்கினால் எந்தக் காலும் நிற்காது. அதனால் எனது கிழக்கு மேற்காக நிற்கிறது. காற்று வரிசையின் வகிட்டில் நுழைந்து போய்விடும். முனைக்கால்கள் இரண்டிலும் ஒரு இழுகயிறு, ஒரு முளை. உச்சிவெயில் தலைக்கு மேல் காயும் நம் ஊரில் இதனால் காய் குறைந்ததாகத் தெரியவில்லை.

இனி கட்டு. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். தண்டையும் சணலையும் சேர்த்து இறுக்கக் கூடாது. வாழைநாரைத் தண்டைச் சுற்றி எடுத்து, நடுவில் ஒரு குறுக்கு போட்டு, 8 வடிவத்தில் கயிற்றுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் குறுக்கு தண்டும் கயிறும் உரசாமல் காக்கும். தண்டுக்கும் நாருக்கும் நடுவே விரல் நுழைய வேண்டும், ஏனென்றால் இன்றைக்குச் சுண்டுவிரல் பருமன், மாதம் போனால் கட்டைவிரல். முடிச்சை எப்போதும் குலைக்குக் கீழே போடாமல் இலைக்காம்புக்குக் கீழே போட வேண்டும். வாரம் ஒருமுறை கட்டும்போதே கணுவிடுக்கில் வரும் சிம்பைக் கிள்ளிவிடலாம். விரலில் பச்சையாக ஒட்டும் அந்த வாசனை இரண்டு தடவை சோப்புப் போட்டாலும் போகாது.

கிருஷ்ணகிரிப் பக்கம், ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும், ஏக்கர் கணக்கில் இதைச் செய்கிறார்கள். தைலமரக் குச்சி, மேலே கம்பி, வரிசை வரிசையாகக் கயிறு. ஒரு அறுவடை முடிந்தால் அதே கொம்பில் அவரையோ பீர்க்கையோ ஏறிவிடும். நெதர்லாந்துக் கண்ணாடி வீடுகளில் வேறொரு அழகு: நாலு மீட்டர் உயரத்துக் கம்பியில் நூல் சுற்றிய கொக்கி. செடி கம்பியைத் தொட்டதும் நூலை அவிழ்த்துத் தாழ்த்தி, கொக்கியைப் பக்கவாட்டில் நகர்த்துவார்கள். பழம் பறித்த வெறும் தண்டு கீழே சுருண்டு கிடக்க, நுனி மட்டும் எப்போதும் கம்பிக்குப் பக்கத்தில். பத்து மீட்டருக்கு மேல் போன தண்டும் அப்படித்தான் நிற்கிறது.

கடையில் விற்கும் கூம்புக் கூண்டுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்கலாம். அடி குறுகி வாய் அகன்ற அந்தப் பொருள், பாரம் ஏற ஏறக் கவிழ்வதற்கென்றே செய்தது போலிருக்கும். மாடிக்காரர்களுக்கு என் யோசனை: பழைய பெயிண்ட் வாளியில் பாதி கான்கிரீட், நடுவில் அதே பிவிசி துண்டு. தளத்தில் துளை போட வேண்டாம்.

செடி ஓய்ந்ததும் பிரிக்கிற நாள். மூங்கில் கட்டின் வாலை இழுத்தால் கயிறு அவிழும். சணல், வாழைநார், காய்ந்த கொடி மூன்றையும் பிரிக்காமல் அப்படியே சுருட்டிக் குப்பைக்குழிக்கு அனுப்பிவிடுவேன். வாடலோ கருகலோ வந்த செடி என்றால் மட்டும் நெருப்புக்கு. மூங்கிலை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் துடைத்து வெயிலில் போட்டுப் பரணில் ஏற்றினால் அரைமணி நேர வேலை. மண்ணில் மூன்று ஓட்டைகள் மட்டும் மிஞ்சும். தவளை விழுந்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றின் மேலும் ஒரு கொட்டாங்குச்சி கவிழ்த்து வைப்பேன். அடுத்து அந்த வரிசையில் புடலை. அதற்குத் தானே ஏறத் தெரியும்.